மடக்கக் கூடாத கால்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

காலையில் முருகன் இருமி இருமி ரத்தமாகக் கக்கினான். முன்னே டீ.பி. வந்த நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். டாக்டர் தொடை வழியாக மெல்லிசுக் குழாயை விட்டு, உள்ளேயே அந்த இடத்தை அடைத்தார். ரத்தம் நின்றது. என் பிள்ளை பிழைத்தான்.

ஆனால் விடியும்வரைக்கும் வலது காலை மடக்கக் கூடாது, மடக்கினால் தொடையில் குத்தின இடம் திறந்து ரத்தம் கொட்டும் என்றார். இவனோ தாராவிப் பட்டறையில் தையல் மெஷின் மிதிக்கிறவன். ஊசி மயக்கத்திலும் கால் மிதித்தது. முட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏலே, சும்மா கெட” என்றேன். “ஆர்டர் முடியலம்மா” என்று முனகினான்.

ஒரு ஆள்தான் கூட இருக்கலாமாம். சாயங்காலம் மருமகள் செல்வி வந்து, “வீட்டுல பிள்ளைக தனியா கெடக்கு, நீங்க போங்க அத்தை” என்று என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். அடுப்பைக்கூட நான் அவளை நம்பி விட்டதில்லை.

வீட்டுக்கு வந்தேன். பேரப்பிள்ளைகள் தூங்கிவிட்டன. எனக்குக் கண் மூடவில்லை. அவள் அசந்துவிட்டால்? போன் போட்டேன். நான் வாய் திறக்குமுன்னே, “கையை எடுக்கல அத்தை” என்றாள்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

இல்லையாம். விடிந்ததும் இட்லி அவித்து எடுத்துக்கொண்டு போகணும்.