ஆட்டுக்கொட்டில் கதவு

வல்வெட்டித்துறை,
ஐப்பசி வெள்ளி.

பிரியமுள்ள அத்தானுக்கு,

நானும் மகள் நிவேதனாவும் நலம். நீங்களும் கப்பலும் நலமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுவீர்கள். அதனால் உங்கள் கப்பலில் வேலைக்குச் சேர வருகிற லியோனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுக்க வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கோகுலனை நிவேதனாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்குத் தெரியாமல் சந்நிதி முருகனுக்கு நேர்த்திகூட வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட சம்பந்தம் உங்கள் கண்ணாடிக் கதவால் முறியப் பார்த்தது.

துபாய் ஹோட்டலைப் படம் பிடித்து அனுப்பி, அதேபோல வாசலை மாற்றச் சொன்னீர்கள். செபநாயகம் மேசன் மாற்றித் தந்தார். வீட்டுக்குள் நல்ல வெளிச்சம், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் வங்கி மாதிரி இருக்கிறது. ஒருவர் காசு எடுக்க அட்டையோடு வந்து நின்றார். தபால்காரர் கண்ணாடியில் முட்டிக்கொண்டதால் நிவேதனாவின் ஒட்டுப்பொட்டுகளை வரிசையாக அதில் ஒட்டி வைத்தேன். வீடியோவில் பார்த்துவிட்டு, டிசைன் கெட்டுப்போகிறது, கழற்று என்றீர்கள். கழற்றினேன்.

பழைய கதவை விறகாக்க மனம் வரவில்லை. தெருப்பக்கக் கேற்றடியிலுள்ள ஆட்டுக்கொட்டிலுக்கு நிலையோடு சேர்த்துப் பொருத்திவிட்டேன்.

வந்தவர்கள் கஜலட்சுமியும் தாமரையும் செதுக்கிய கதவைக் கண்டதும் அதுதான் சாமியறை என்று நினைத்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றி, வெற்றிலையும் பழமும் வைத்த தட்டத்தை வாசலில் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நம்முடைய வெள்ளாடு தலையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வெற்றிலை முழுவதையும் தின்றுவிட்டது. பதறி வீட்டுப் பக்கம் ஓடிய மாப்பிள்ளையின் தகப்பன் பஞ்சலிங்கத்தார் கண்ணாடியில் மூக்கை மோதிக்கொண்டார். நிவேதனா அறைக்குள் போய் அழத் தொடங்கிவிட்டாள்.

மாப்பிள்ளையின் தாய் இராசமலர் மட்டும் கதவடியை விட்டு அசையவில்லை. உப்பிடிக் கதவை ஆட்டுக்குக் குடுத்தவை மனுசருக்கு என்னத்தைக் குடுப்பினம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் விடவில்லை. எங்கடை ஆட்டுக்கே உப்பிடி எண்டால், வாற மருமகனை எப்பிடி வைச்சிருப்பம் எண்டு யோசியுங்கோ மச்சாள் என்றேன்.

மனுசி சிரித்தார், சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைக்குமட்டும் சிரித்தார். பிறகு அதே முந்தானையால் கதவிலிருந்த அழுக்கைத் துடைத்துவிட்டு, நிலையிலுள்ள இரண்டு கிளிகளைக் காட்டினார். ஒன்று மாங்காயைக் கொத்துகிறது. மற்றது தனக்குத் தரவில்லை என்று கோபித்து மறுபக்கம் திரும்பியிருக்கிறது. இத்தனை வருடம் அந்த வாசலால் போய் வந்திருக்கிறேன், அந்தக் கோபம் என் கண்ணில் படவில்லை. செதுக்கியவன் வீட்டிலும் பெண்சாதி அப்படித்தான் இருந்திருப்பாள்.

தையில் கல்யாணம். பெண் அந்த நிலையைத் தாண்டித்தான் தங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்பது இராசமலரின் ஒரே நிபந்தனை. உங்களிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் செபநாயகம் பழைய கதவை நிலையோடு திரும்ப வாசலில் பொருத்திவிட்டார். கண்ணாடி இப்போது கொட்டிலில். உள்ளே இன்னொரு ஆடு நிற்கிறதென்று நம்முடைய ஆடு நாள் முழுக்க முட்டுகிறது. இன்னும் உடையவில்லை. நல்ல சாமான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணத்தன்று அந்த நிலையில் மாவிலை கட்டவேண்டும். எனக்கு எட்டாது. செபநாயகம் கட்டித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். ஏணி இருக்கிறதே அம்மா என்கிறாள் நிவேதனா. ஏணி இருக்கிறது. நீங்கள்தான் இல்லை. லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அத்தான்.

அம்மன் துணையிருப்பாள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
குணலட்சுமி