பீளமேட்டுக் காத்து

என்னங்க, இட்லி மாவு ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல இருக்கு. தாரிகா ஸ்கூல்ல இருந்து வந்ததும் ஊத்திக் குடுங்க. தயிர் வேண்டாம், அவளுக்குச் சளி இன்னும் விடல.

மத்தியானம் வாடகை வீட்டு ஏஜென்ட் வீட்டச் சோதிச்சுப் பார்க்க வர்றாங்க. தாரிகா ரூம் மூலையில படர்ந்திருக்கிற கறுப்புப் பூஞ்சையக் காட்டுங்க. எப்படி வந்துச்சுன்னு கேட்டா, காத்து நிபுணர் நீங்களே விளக்கிச் சொல்லுங்க.

தினமும் எந்திரிச்சதும் ஃபோன்ல கோயமுத்தூர் காத்து மாசு ஆரஞ்சா சிவப்பான்னு பார்க்கறீங்க. உடனே பீளமேட்டுல இருக்கிற உங்க அக்காவக் கூப்பிட்டு, "தீபாவளிப் புகை இன்னும் போகல, ஜன்னலத் தொறக்காதக்கா"ன்னு பாடம் எடுக்கறீங்க. சரி, அங்க புகை. கடல் தாண்டி நாம குடியிருக்கிற இந்த லின்ஃபீல்டுல என்ன புகை வருதுன்னு இங்கயும் எல்லா ஜன்னலையும் சாத்தி வெக்கறீங்க? ஈரம் வெளிய போக வழியில்லாம ஜன்னல் கண்ணாடியில படிஞ்சு வழியற தண்ணிய தினமும் துணி வெச்சுத் தொடைக்கறது நான்தான்.

சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

இதையும் சொல்லிடறேன். நேத்து அக்காகிட்ட நுரையீரலப் பத்தி நீங்க பேசிட்டிருந்தப்ப தாரிகா இருமினா. "பேசறது கேக்கல, அவ ரூம் கதவச் சாத்து"ன்னீங்க. சாத்தினேன்.

இன்னைக்கு அவ என்கூடப் படுக்கட்டும். நீங்க அவ ரூம்ல படுத்துக்கங்க, ஜன்னல நல்லாச் சாத்திக்கிட்டு.