கனடா ரயிலைப் போல மலையிறங்கிய என் ஜீப்

பாய்,

இன்று காலை வெள்ளி அருவி வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி, சவாரி வந்த குடும்பம் போட்டோ எடுத்து முடிக்கட்டும் என்று நின்றிருந்தேன். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று மேலிருந்து இறங்கி வந்து என்னைத் தாண்டியது. அது போன பிறகு அந்த வாசனை வந்தது. பிரேக் லைனிங் கருகுகிற வாசனை. கையில் இருந்த சோளக்கதிரை அப்படியே கீழே போட்டுவிட்டேன்.

"என்ன டிரைவர், குரங்கு புடுங்கிருச்சா?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார்.

"ஆமா சார், பெரிய கடுவன். போன வாரம் ஒரு ஜட்ஜ் கையிலருந்தே கேமராவப் பறிச்சுட்டுப் போச்சு" என்றேன்.

வாய் அதுபாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது. கால் மட்டும் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்தது. அப்போதே உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக் காலத்தில் சவாரி ஏது? மத்தியானமானால் பஜாரில் உங்கள் பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்துவிடுவேன். கனடாவுக்கே திரும்பிப் போன வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, நீங்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினீர்கள். கூடவே ஓர் அட்டைப்பெட்டி சும்மா வந்தது. அதில் அவர் அப்பா காலத்து நீராவி ரயில் படங்களும், ராக்கி மலைப் பாதையின் வரைபடமும், எந்த இடத்தில் எவ்வளவு சரிவு என்ற பட்டியலும் இருந்தன. தண்டவாளமே ஏறாத கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாதை முழுவதையும் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்குள் நீங்கள் கட்ட ஆரம்பித்தீர்கள். ஒரு பாலத்துக்கு ஒரு மாதம். ஒரு குகைக்கு இரண்டு மாதம்.

அதில் பாதி என் உழைப்பு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லையே. மரம் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, என் ஜீப்பில்தானே பைன் காட்டுக்குப் போய்ப் படம் எடுத்தோம்? புலி நடமாடுகிற நேரம் அது. நான் ஹாரன் அடித்தபடி காவல் நின்றதால்தான் நீங்கள் நிம்மதியாக எடுத்தீர்கள். அந்தப் படங்களில் நாலைந்து யூகலிப்டஸும் சேர்ந்துவிட்டன. அந்தப் பாதையில் ஓட்டி ஓய்வு பெற்ற கனடாக்காரர் ஒருவர் உங்களுக்கு மெயிலில் திருத்தம் அனுப்புவாரே, அவர் இது எங்கள் மலை மரம் இல்லையே என்று எழுதிவிட்டார்.

"அவருக்கு என்ன தெரியும் பாய்?"

"ஏலே, அவரு நாப்பது வருசம் அங்கேயே ரயில் ஓட்டுனவரு."

"நாப்பது வருசமும் முன்னாடி தண்டவாளத்தத்தான பாத்திருப்பாரு? மரத்த எங்க பாத்தாரு?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறி, கீபோர்டு முழுக்கக் கொட்டியது.

அந்த இன்ஜினுக்கு விசில் என் வீட்டுக் குக்கரில் இருந்து எடுத்தது என்று நான் இன்றும் சொல்கிறேன். யாரும் நம்புவதில்லை. உங்களைக் கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை.

கொடை ரோடு ஸ்டேஷனில் நான் நீராவி இன்ஜின் ஓட்டியிருக்கிறேன் என்று உங்களிடமும் சொல்லியிருந்தேன். கரி இருக்கும் இடத்தில் ஏறி நின்றேன், அவ்வளவுதான். ஏறி நின்றாலும் ஓட்டினதில் சேர்த்திதான். அதை நம்பித்தான் பாதை முடிந்த அன்று முதல் ஆளாக என்னை உட்கார வைத்தீர்கள். பதினான்கு பெட்டிகள். பனி மூடிய மலை. உச்சியைத் தாண்டியதும் சரிவு. வேகம் ஏறியது. நான் மலை டிரைவர் எவனும் செய்வதைச் செய்தேன். ஜீப்பில் பிரேக் பிடிக்காவிட்டால் பெடலை விட்டு விட்டு மிதிப்போமே, அதேபோல் பிரேக்கைப் பிடித்தேன், விட்டேன், பிடித்தேன், விட்டேன். நாலாவது தரம் ஒன்றுமே பிடிக்கவில்லை. ரயில் வளைவில் பிய்த்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது.

"காத்துல ஓடுற பிரேக்கு மாப்ள. விடுற ஒவ்வொரு தடவையும் காத்து போயிரும். திரும்ப ஊற நேரங் குடுக்கணும்ல" என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது எனக்கு.

"டம் டம் பாறைக்கு மேல நடந்தது இன்னும் ஒன் கால்லயே கெடக்கா?"

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன், மதுரைக்கு இறங்கும் பாதையில் அந்த இடத்தில்தான் என் ஜீப்பில் பிரேக் போனது. ஸ்டாண்டில் எல்லாருக்கும் நான் சொன்ன கதை, கியரை மாற்றி ஒற்றைக் கையால் வண்டியைப் பாறையில் உரசி நிறுத்தினேன் என்பது. உண்மையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தடுப்புச் சுவர் நிறுத்தியது. அதற்குப் பிறகு கீழே இறங்கும் சவாரி ஒன்றுகூட எடுக்கவில்லை. ஏரி, பில்லர் ராக்ஸ், வட்டக்கானல் முனை, இவ்வளவுதான். மேலே வெளிநாட்டுக்காரர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள், கீழே போக நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயம் என்ற வார்த்தையை என்னிடம் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டீர்கள்.

அந்த நாள் வந்தது. தங்கச்சி, அதாவது உங்கள் வீட்டம்மா, மகள் பிரசவத்துக்காக மதுரையில் இருந்தார். நீங்கள் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். இங்கே டாக்டர் ஓர் ஊசி போட்டு, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. ஸ்டாண்டில் பறக்கிற வண்டிகள் நாலு நின்றன.

"இவன் வண்டிலதான் போவேன்" என்றீர்கள்.

"பாய், வேண்டாம். அவனுக வெரசாக் கொண்டு போயிருவானுங்க."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. நான் பயப்படுறவன் வண்டிலதான் ஏறுவேன்."

அந்தப் பேச்சுக்கு ஸ்டாண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சாவியைத் துவாரத்தில் சொருக மூன்று தரம் ஆனது.

ஊரைத் தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். "உச்சில எல்லா ரயிலும் நிக்கணும் மாப்ள. ஒரு ஆளு எறங்கி ஒவ்வொரு சக்கரமாத் தொட்டுப் பாப்பான். சூடா இருந்தா ஆற விடுவான். பெறகுதான் எறக்கம். நீயும் எறங்கித் தொடு."

நான் இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டேன். அப்புறம் இரண்டாம் கியர். மூடுபனியில் ஐந்து அடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் செத்துப் பிழைத்தேன். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தினேன், இறங்கித் தொட்டேன், ஆற விட்டேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. டம் டம் பாறைக்கு மேல் அந்தச் சுவரைப் பார்த்ததும் கால் பிரேக்கை விட்டு எழவில்லை. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த நீங்கள் என் முழங்காலில் கையை வைத்தீர்கள். "காத்து ஊறட்டும், அவசரமில்ல" என்றீர்கள். அங்கே ரொம்ப நேரம் நின்றோம் பாய்.

பத்திரமாகத்தான் இறங்கினோம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "பதினாலு பெட்டியும் வந்துருச்சா?" என்று கேட்டீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அந்த மூன்று நாளில் டாக்டர் என்னைத் தாண்டி எத்தனையோ தரம் நடந்தார். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் வரும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

தங்கச்சி கேட்டார். "எத்தன மணிக்குக் கெளம்புனீங்கண்ணே?"

"ரெண்டு மணிக்கும்மா" என்றேன். "அஞ்சு மணிக்கெல்லாம் வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டிட்டேன்ல."

வாழ்நாள் முழுக்க அளந்தவன்தான் நான். ஆனால் அளந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது அன்று ஒருமுறைதான். தங்கச்சி அதை அப்படியே நம்பினார். பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி கொடுத்தனுப்புகிறார். சொந்தக்காரர் யார் வந்தாலும், இந்த அண்ணன்தான் மூணே மணி நேரத்தில் மூடுபனியில் கொண்டு வந்து சேர்த்தார் என்று என்னைக் காட்டுகிறார். எனக்கு ஸ்டாண்டைப் பார்த்தாலே பயம். நாம் கிளம்பியதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். எவனாவது ஒரு நாள் வாய்விடுவான். செல்போனில் தங்கச்சி பெயர் வந்தால் நாலு ரிங் போகும் வரை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது கீழே இறங்குகிறேன் பாய். இரண்டாம் கியரில், நிறுத்தி நிறுத்தி, சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு. சின்னப் பையன்கள் கேலி செய்கிறார்கள். கனடாவில் இப்படித்தான், எனக்கு அங்கிருந்தே லைசென்ஸ் வந்திருக்கிறது என்கிறேன். ஆற விடும் அந்த ஐந்து நிமிஷத்தில், தங்கச்சியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் வாய் வரவில்லை. உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன். நாம் கிளம்பும்போது பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்குகூடச் சொல்லவில்லை. மணி பன்னிரண்டு.