அக்காவின் நார்மல் டெலிவரி

அக்கா,

பக்கத்து வீட்டில் காலையிலேயே சீரகமும் கருப்பட்டியும் கொதிக்கிற வாசனை. அந்த வீட்டு மருமகளுக்கு ஒன்பதாம் மாதம். வலி சுலபமாக வரும் என்று கொடுக்கிற கஷாயம். எனக்கு உடனே உங்கள் முகம் ஞாபகம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எத்தனை டம்ளர் ஊற்றிக் கொடுத்திருப்பீர்கள் எனக்கு.

உங்கள் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு நான் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது நீங்கள் அந்த வீட்டின் மூத்த மருமகள். தெருவில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் உங்கள் சொற்பொழிவு உண்டு. பெற்றது ஒரே மகன். பேச்சைக் கேட்டால் ஊருக்கே பிரசவம் பார்த்தவர் மாதிரி இருக்கும். குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தேன், வலி கண்டு அரை மணி நேரத்தில் பிள்ளை கையில் என்பீர்கள். நம் மாமியார் பூரித்துப் போவார். ஆபரேஷனில் பெற்றவர்களைப் பிள்ளை பெற்றவர்களாகவே அத்தை மதிப்பதில்லை.

அம்மா இல்லாத எனக்குத் தலைப்பிரசவமும் புகுந்த வீட்டில்தான் என்று ஆனது. நீங்கள் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. உட்கார்ந்து நகர்ந்தபடியே தினமும் வீடு முழுவதும் துடைத்தேன். எனக்கும் அரை மணி நேரம்தான் என்று நம்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பொழுது போனதுதான் மிச்சம். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. உங்கள் கொழுந்தன் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் மாட்டேன் என்றேன். ஆயுசுக்கும் முதுகு போய்விடும், உடம்பு பழையபடி ஆகாது என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவள். அதைவிட, அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். அக்கா சொன்னதெல்லாம் செய்தேனே, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று நர்ஸின் கையைப் பிடித்து அழுதேன்.

அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்து ஸ்கிரீனை இழுத்து மூடினீர்கள். சேலைக் கொசுவத்தைச் சற்று இறக்கினீர்கள். அடிவயிற்றில் தழும்பு.

"இங்கன பாருட்டி. எனக்கும் கிழிச்சுத்தான் எடுத்தாவ. நார்மல்னு சொன்னது பூரா பொய்."

அந்த வலியிலும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. அப்படியென்றால் என்னை ஏன் வீடெல்லாம் துடைக்க வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குப் பொறவு சண்டை போடுவோம். பிள்ளை நல்லாருக்கணும், மொதல்ல கையெழுத்தைப் போடு."

போட்டேன். மகள் வீறிட்டுக்கொண்டு பிறந்தாள்.

நம் ஊரில் ஆணா பெண்ணா என்பதற்கு முன்னால் நார்மலா ஆபரேஷனா என்றுதான் கேட்பார்கள். மறுநாள் பார்க்க வந்த தெருப் பெண்களும் அதையே கேட்டார்கள். அத்தை சுவரைப் பார்த்தார். நீங்கள் முந்திக்கொண்டு, "ஆபரேஷன். எனக்கும் ஆபரேஷன்தான்" என்றீர்கள்.

உங்கள் பிரசவம் ராயகிரியில் அம்மா வீட்டுக்குப் போனபோது நடந்தது. அப்போது அத்தை காலில் கட்டுப் போட்டுப் படுக்கையில் இருந்ததால் வந்து பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரான அத்தானும் ஆபரேஷன் பற்றி வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் பிள்ளையோடு வந்து இறங்கிவிட்டீர்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தீர்கள். அத்தை ஏசப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்த மறுநாளே உன்னைத் தெருக்குழாய்க்கு அனுப்புனேனேட்டி" என்றார் அத்தை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடத்தைத் தூக்க விட்டிருப்பேனா?"

நீங்கள் என் மகளைத் தூக்கி அத்தை மடியில் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகும் நீங்கள் ஓயவில்லை, சொற்பொழிவைத்தான் மாற்றிக்கொண்டீர்கள். நட, கஷாயம் குடி, ஆனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னால் அடம் பிடிக்காதே. நம்பாதவர்களிடம், "உள்ள வா, காட்டுதேன்" என்பீர்கள். இரண்டு பேர் உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். என் முதுகும் போகவில்லை. என்றைக்காவது வலித்தால், அன்று தையல் மிஷினில் அதிக நேரம் உட்கார்ந்ததுதான் காரணமாக இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் கண்ணை மூடி ஓராண்டு ஆகப் போகிறது. அத்தை அன்று கேட்ட கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. வீட்டில் யார் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனாலும், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்காமல் விடுவதில்லை. மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும் அக்கா. எதையும் அவள் என்னிடம் மறைக்க வேண்டியிருக்காது.