மூன்றாம் பத்தில் நிற்கும் தண்ணீர்

என் அன்புள்ள கணவருக்கு,

சுகந்தி எழுதுவது. மாதா தயவில் நானும் மாமாவும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே “சரி சரி, டியூட்டிக்கு நேரமாவுது” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கத்தாருக்குத் திரும்பும் இன்னாசிமுத்து அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நம் கழனி போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது! சத்தியமாக இருக்கிறது!

தண்ணீர் வற்றிவிட்டது என்றுதானே கழனியை பிளாட் போடுகிறவருக்கு விற்கச் சொன்னீர்கள்? நானும் அழுதுகொண்டே தலையாட்டினேன். தினமும் காலையில் கரண்ட் வந்து மோட்டார் ஓடியதும் கொட்டகை ஓரம் நின்று ஜெபமாலை சொல்வேன் அல்லவா? ஐந்து பத்து மணிகளில் மூன்றாம் பத்து முடிவதற்குள் தண்ணீர் நின்று மோட்டார் காற்று இழுக்கும். என்றைக்கும் அதே இடம்தான்.

மூன்று வாரத்துக்கு முன் நம் மோட்டாருக்கு மட்டும் ஃபியூஸ் போய்விட்டது. லைன்மேன் வந்து போட மத்தியானமாகிவிட்டது. அன்றைக்கு ஐந்து பத்தும் முடிந்து, மாதா பிரார்த்தனையும் முடிந்தது. தண்ணீர் நிற்கவே இல்லை! மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி மூன்றாம் பத்து. காலையில் ஒரு நாள், மத்தியானம் ஒரு நாள் என்று வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். காலையில் நிற்கிறது, மத்தியானத்தில் நிற்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் மோட்டாரை ஆட்டோ சுவிட்சில் போட்டுவிடுகிறோம். கரண்ட் வந்த நொடியே அக்கம்பக்கத்து மோட்டாரெல்லாம் சேர்ந்து உறிஞ்சினால் நம் போர் என்ன செய்யும்? மத்தியானத்துக்குள் அவர்கள் பாய்ச்சி முடித்து நிறுத்திவிடுகிறார்கள்.

பக்கத்துக் கழனி அரங்கநாதன் அண்ணனிடம் ஓடினேன். “இன்னாம்மா, ஜெபமாலைய வச்சிகினு தண்ணிய அளக்குறியா?” என்று சிரித்தார். மறுநாள் அவரே வந்து நின்று பார்த்தார். பிறகு வீடு வீடாகப் போய் ஆட்டோ சுவிட்சை எடுக்க வைத்ததும் அவர்தான். இப்போது முறை வைத்து ஓட்டுகிறோம். நேற்று நாற்றங்கால் நிரம்பி வரப்பு தாண்டி ஓடியது. மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் சேற்றில் இறங்கிவிட்டார்!

அட்வான்ஸோடு புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கழனி இல்லை என்றால் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்பதுதான் என் பயம்.

இன்னொன்று. ஜெபமாலையில் ‘அருள் நிறை மரியே’ ஜெபத்தின் முன்பாதியை நான் சொல்ல, மறுபாதியை நீங்கள் சொல்வீர்கள். இப்போது இரண்டையும் நானே சொல்லிக்கொள்கிறேன். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மரிய சுகந்தி