தகரக் கூரையில் மழை

செவ்வாய் இரவு, பாசிர் கூடாங்

இன்றைக்கும் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைச் சத்தத்தில் எங்கே பாடம் நடத்துவது? வழக்கம்போல ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வகுப்பில், புதிதாக வந்திருக்கும் ஆங்கில டீச்சர் கவிதா, "மழையைவிடச் சத்தமா சொல்லுங்க!" என்று ஒரு நாடக வசனத்தைக் கத்த வைத்தாள். என் வகுப்புப் பிள்ளைகளும் பேனாவை வைத்துவிட்டுச் சேர்ந்து கத்தினார்கள். எனக்காக ஒரு நாளும் அப்படி வாய் திறந்ததில்லை. வயிறு எரிந்தது.

பள்ளி விட்டதும் வந்து நின்றாள். "அக்கா, எங்க சத்தம் தொந்தரவா இருந்துச்சா?"

"அலமாக், ஐயோ, இந்த மழையில ஒண்ணுமே கேக்கல லா," என்றேன்.

இப்போது மறுபடியும் மழை. படுத்தால் தூக்கம் வரவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த வசனம் ஒரு வரி விடாமல் எனக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது.