சிவப்பு வாளிக்கு ஊற்றிய தண்ணீர்

நேற்று மழை விட்டதும் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் வரிசையாக நிற்கும் பெயின்ட் வாளிகளில் கடைசி வாளியில் இரண்டு சின்ன இலைகள் தெரிந்தன. சட்டைப் பித்தானில் பாதிகூட இருக்காது. குனிந்து பார்த்தேன். காட்டெள்தான். வாளியின் வெளிப்பக்கம் நீ இழுத்த சிவப்புக் கோடு.

போன வருடம் அந்த வாளியில் ஆறு விதை போட்டோம். மூன்றுதான் முளைத்தன. மீதியை நீ, "செத்துப்போச்சு, விடு" என்றாய். சாகவில்லை. ஒரு வருடம் மண்ணுக்குள் தூங்கியிருக்கிறது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று படிக்கட்டு வரை ஓடிவிட்டேன். அங்கேதான் நினைவு வந்தது. கையில் ஈரத் துணியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இதை எழுதி முடித்ததும் மாடியில் உட்கார்ந்து மெதுவாக வாசிக்கப் போகிறேன்.

நாங்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்து மல்லாபூருக்கு வந்தபோது அப்பா என்னை இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார். தெலுங்கும் புரியவில்லை, ஆங்கிலமும் புரியவில்லை. டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டால் குனிந்து பைக்குள் எதையாவது தேடுவேன். ஆறு மாதத்தில் நின்றுவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நீ ஒருநாள் வாசலுக்கே வந்து கேட்டாய்.

"நீ கைக்கு ஸ்கூல் போறதில்ல?"

'ஏன்' என்பதற்கு நீ சொன்ன 'கைக்கு'வைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்கிறியா? எங்க வீட்ல நாலு தலைமுறையா ரயில்வேல இருந்துக்கினு இந்தத் தமிழ்தான் பேசறாங்க. அவ்ளோ காமெடியா இருக்கா?"

"ஹவ்" என்றேன். 'ஆமாம்' என்பதற்குத் தெருவில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை. நீ வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாய். அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே நான் பேசியது உன்னிடம் மட்டும்தான்.

நீ இன்டரில், பதினொன்றாம் வகுப்பில், சேர்ந்த பிறகு காலேஜ் அறிவியல் கண்காட்சிக்கு நீயே ஒரு கேள்வியைப் பிடித்துவந்தாய். மௌலாலி பாறை இடுக்கில் வளரும் காட்டெள் ஒரு சாண்தான் இருக்கிறது. ரயில் பாதை ஜல்லியில் முழங்கால் அளவு. ஏரிக்கரையில் நம்மைவிட உயரம். எல்லாம் ஒரே செடி, ஒரே ஊதாப் பூ. பாறைச் செடி பிறப்பிலேயே குள்ளமா, இல்லை, பாறை அதைக் குள்ளமாக்கியதா? மூன்று இடத்திலும் காய்ந்த காய்களைக் கவிழ்த்து விதை எடுத்தோம். விதைத்தது போக மிச்சத்தைப் பொட்டலம் கட்டி, நான் மேலே இடத்தின் பெயரை எழுத, நீ வாங்கி வைத்துக்கொண்டாய். உன் மாடியில் வெயில் இல்லாததால் எங்கள் மாடி. அப்பா கம்பெனியிலிருந்து காலி வாளிகள் கொண்டுவந்தார். இடத்துக்கு மூன்று வாளி. ஏரிக்கு நீலம், ரயிலுக்குக் கறுப்பு, பாறைக்குச் சிவப்பு.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி. வாளிக்கு ஒரு மக்கு. யாருக்கும் எக்ஸ்ட்ரா லாடு நக்கோ" என்று விரலை நீட்டிச் சொன்னாய். எந்த வாளிக்கும் தனிச் செல்லம் கூடாதாம்.

அம்மாவின் தையல் டேப்பால் ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்து நோட்டில் தமிழில் எழுதுவேன். நீ எண்களை மட்டும் பார்த்துக் காப்பி பண்ணிக்கொள்வாய். செடிகளை அளந்து முடித்ததும் நம்மையும் அளப்போம். தொட்டிச் சுவரில் உன் கோடு மேலே, என் கோடு இரண்டு விரல் கீழே. "நீயும் பாறைச் செடிதான் டி" என்பாய்.

இப்போது உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். மூன்றாவது வாரத்தில் நீலம் கணுக்காலைத் தாண்டிவிட்டது. சிவப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. தினமும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி பெஞ்சில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அம்மா அரிசி களைந்த தண்ணீரை வாங்கிப்போய் சிவப்பு வாளிகளுக்கு மட்டும் ஊற்றினேன். ஒருநாள்தான் என்று நினைத்தேன். பூ வரும்வரை தினமும் ஊற்றினேன். சிவப்பு நிமிர்ந்தது. கடைசியாக அளந்தபோது நீலத்துக்கு ஒரு சாண்தான் குறைவு.

கண்காட்சியன்று நீ எவ்வளவோ கூப்பிட்டும் நான் உள்ளே வரவில்லை. கேட் பக்கத்திலேயே நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை என் கையில் திணித்தாய்.

"பாதி வேலை உன்னோடது. நீயே வச்சுக்க."

"எனக்கு வேணாம்டி."

"பிடி. இப்போ தெரிஞ்சுதா? பொறப்புல குள்ளம் இல்ல. எடம்தான் அப்படி. மேடம்கிட்டயும் அதான் சொன்னேன்." பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாய். ஓப்பன் ஸ்கூலில் பத்தாவது எழுதுவதற்கான படிவம். "வீட்லயே படிக்கலாம். தமிழ்லயே எழுத முடியுமான்னு கேட்டுச் சொல்றேன். உன்னையும் வேற வாளில வச்சுப் பாக்கலாம்."

படிவத்தை வாங்கி நான்காக மடித்தேன். அந்தச் செடி தானாக வளரவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கைக்கு மூஞ்சி தொங்குது? ப்ரைஸ் வந்திருக்கு, பைத்தியம்."

"தலைவலி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அளக்க வரும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஞாயிறு உன் வீடு பூட்டியிருந்தது. அடுத்த புதன்கிழமை திறந்தார்கள். வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்து நான் உள்ளே வராமல் நின்றேன். அன்றும் கேட்டுக்கு வெளியேதான்.

ஒரு மாதம் கழித்து உன் அம்மா விதைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். "மேல தமிழ்ல எழுதி இருக்கு. உன் எழுத்துதானேமா? அவ தூக்கிப் போட விடமாட்டா" என்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஏரி, ரயில், பாறை என்று நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

பொட்டலங்களையும் படிவத்தையும் உன் டிபன் பாக்ஸில் வைத்தேன். இத்தனை மாதம் திறக்கவில்லை. நீ சொன்னது என்னால் பொய்யாகிப்போனது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அந்த இரண்டு இலைகளைப் பார்த்த பிறகுதான் வேறு மாதிரித் தோன்றியது. நீ சொன்னது பொய்யா என்பதும் எனக்குத் தெரியாது. அரிசித் தண்ணீர் வளர்த்ததா, செடியே வளர்ந்திருக்குமா என்று நான் பார்க்கவே விடவில்லையே.

தொட்டிச் சுவரில் உன் கோடு அழியவில்லை. நேற்று அதன் பக்கத்தில் முதுகை வைத்து நின்று பார்த்தேன். உன் கோடு என் நெற்றிக்கு நேராக இருந்தது. நீ இருந்திருந்தால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, "சீட்டிங்" என்று சண்டை போட்டிருப்பாய். அந்தச் சண்டைக்காக நான் பழைய உயரத்துக்கே திரும்பிப்போகச் சம்மதிப்பேன்.

இன்று காலையில் நேற்று பார்த்த முளையை மண்ணோடு அள்ளித் தனி டப்பாவில் வைத்தேன். ஒன்பது வாளி மண்ணையும் தரையில் கொட்டி ஒன்றாகக் கலந்தேன். சிவப்பு வாளி மண்ணில் மட்டும் பழைய சத்து தங்கியிருக்கக் கூடாது அல்லவா? திரும்ப நிரப்பி, பொட்டலம் பிரித்து, வாளிக்கு ஆறு விதை போட்டேன். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, போன வருடம் சிவப்புக்கு மட்டும் என்ன ஊற்றினேன் என்பதை முதல் வரியாக எழுதினேன். பிறகு வாளிக்கு ஒரு மக்கு.

மத்தியானம் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்.

"ஏண்டி, அரிசி களைஞ்ச தண்ணி இருக்குது. மறுபடியும் செடி போட்டியே, எடுத்துக்கினு போய் ஊத்து."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பழக்கத்தில் இரண்டு படி ஏறிவிட்டேன். நின்றேன். திரும்பி இறங்கி, குழாயடிக் கறிவேப்பிலைச் செடிக்கு முழுவதையும் ஊற்றினேன்.